கீழே விழாத கை

ஆசிரியை என் வலது கையைத் தூக்கிப் பிடித்தார். “அக்கா, வெயிட்ட முழுசா என்கிட்ட விட்டுருங்க” என்றார். விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். அவர் தன் கையை எடுத்துக்கொண்டார். என் கை கீழே விழவில்லை. அந்தரத்தில் அப்படியே நின்றது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. முப்பத்தைந்து வருடமாகப் பியானோ வாசிக்கிறேன். என் கையே என் பேச்சைக் கேட்காது என்பது சிங்கப்பூரின் தெம்பனிஸில், என்னைவிடப் பத்து வயது இளைய இந்த ஆசிரியையின் வீட்டுக் கூடத்தில்தான் தெரியவந்தது. அவமானமாக இருந்தது.

பியானோ டிப்ளோமா தேர்வில் இரண்டு முறை தோற்ற பிறகு அவரிடம் போயிருந்தேன். இரண்டு முறையும் தேர்வாளர்கள் ஒரே குறையைத்தான் எழுதியிருந்தார்கள்: ஒலி எழும்பவில்லை. டிப்ளோமா கையில் இல்லாததால், நான் வேலை பார்க்கும் இசைப்பள்ளி எனக்குத் தொடக்க நிலைப் பிள்ளைகளை மட்டுமே தரும். கொஞ்சம் தேறியதும் அவர்களும் வேறு ஆசிரியரிடம் போய்விடுவார்கள். போதாக்குறைக்கு முழங்கை வலி. மூன்றாவது முறைதான் கடைசி என்று முடிவு செய்திருந்தேன்.

“தோள் காதுகிட்ட ஏறிடுது. மூச்ச வேற பிடிச்சிக்கிறீங்க. சின்ன வயசுல வாசிக்கிறப்ப யாராச்சும் திட்டுனாங்களா?” என்று ஆசிரியை கேட்டார்.

யாரும் திட்டவில்லை. எங்கள் ஆங் மோ கியோ வீட்டில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார். நான் பள்ளி விட்டு வந்து வாசிக்கிற நேரமும் அதுதான். அம்மா பியானோவின் முதுகில் இரண்டு போர்வைகளைத் தொங்கவிடுவார். அதுவும் போதாமல் சமையலறையிலிருந்து, “அப்பா தூங்குறாரு, மெதுவா” என்பார். அப்பாவுக்கு விடுமுறை என்றால், அவர் ஓய்வெடுக்கட்டும் என்று, பியானோவைத் திறக்கவே கூடாது. வேகமான பகுதிகளைக்கூடக் கட்டைகள் அடிவரை இறங்காமல் வாசிக்கப் பழகினேன். அப்படி வாசிக்கத் தோளைத் தூக்க வேண்டும், வயிற்றை இறுக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். அதைத் திறமை என்று வேறு பெருமைப்பட்டேன், மடச்சி.

பல வாரங்கள் கையைத் தொங்கவிடுவதை மட்டுமே பழகினேன். ஒருநாள் அது பொத்தென்று மடியில் விழுந்தது. “ஆங், அதான் லா!” என்று ஆசிரியை கைதட்டினார். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அதே ஆங் மோ கியோ வீட்டில், போர்வையில்லாமல் முழுக் கனத்தோடு வாசித்தேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அழுதேன். சந்தோஷத்தில்தான்.

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்த அம்மா பையோடு வாசலிலேயே நின்றார்.

“அப்பா இருந்திருந்தா எழுந்து வந்திருப்பாரு, இல்ல?” என்றேன்.

“எங்க? அவரு காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான படுப்பாரு. இடி விழுந்தாலும் தெரியாது.”

“அப்போ ஏம்மா என்னைய அடக்குனீங்க?”

“பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளைன் பண்ணா மானம் போயிடும்ல? அப்பா தூங்குறாருன்னு சொன்னாத்தான் நீ கேப்பே.”

சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டார். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் தூக்கம் கெடக் கூடாதென்று நான் என் உடம்பை முறுக்கி வைத்திருந்தேன். அவரோ நான் வாசித்து ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள்கூட.

தேர்வறையில் தோள் மறுபடி காதுவரை ஏறியது. வெறும் ஆத்திரம். கட்டைகளை அறைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தேர்வாளர் இந்த முறை ஒலி முரட்டுத்தனமாக இருக்கிறது என்று எழுதிப் பெயிலாக்கினார்.

அம்மாவிடம் சொன்னேன்.

“சரி விடு. யார்கிட்டயும் சொல்லிக்காதே” என்றார்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.