பனைக்குப் பக்கத்தில் ஒரு கேதுரு

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதவாசிப்பில், நல்லவன் செழிப்பதற்கு உவமையாக, பனையும் கேதுரு மரமும் ஒரே மூச்சில் வந்தன. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கோயில் வேலிக்கு அப்பால் ஏழு பனைகள் நின்றன. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட வாசகம்தான், அன்றைக்குத்தான் உறைத்தது. ஜோடியில் ஒன்று நம் ஊரில் கேட்பாரில்லாமல் நிற்கிறது. மற்றதை இங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. ஏன் வளர்த்துப் பார்க்கக் கூடாது? பிரசங்கத்தில் அதற்குப் பிறகு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

பீடத்தின் ஓரத்தில் கிறிஸ்துமஸுக்கு வைத்த சவுக்குக் கிளை இன்னும் இருந்தது. தூத்துக்குடி ரோட்டில் வரும் லாரிக்காரர்களிடம் சொல்லி வைத்து வருஷா வருஷம் வாங்குவது. வந்து சேரும்போதே பாதி வாடியிருக்கும். புது வருஷத்துக்குள் தரையெல்லாம் ஊசி ஊசியாகக் கொட்டிவிடும். எந்தக் காலத்திலும் பச்சை மாறாத மரம் ஒன்று கோயில் வாசலிலேயே நின்றால் லாரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

நான் அருப்புக்கோட்டையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டிரெயினிங்கில் என்னோடு படித்தவள் ஒருத்தி கொடைக்கானலில் இருந்தாள். அன்று மத்தியானமே அவளுக்குக் கடிதம் எழுதினேன். தை மாதக் கடைசியில் ஒரு சிகரெட் டப்பா வந்தது. உள்ளே பதினெட்டு விதைகள். ஒவ்வொன்றுக்கும் வெங்காயத் தோல் மாதிரி ஒரு சிறகு. கூடவே கடிதம்: “இங்கே இதைத் தேவதாரு என்கிறார்கள். கேதுருவில் ஒரு ஜாதியாம். பங்களா வாசல்களில் அழகுக்காக வைக்கிறார்கள். கிளைகள் அடுக்கடுக்காகத் தாழ்ந்து பாவாடை விரித்தது போல நிற்கும். விதைக்குக் கொஞ்ச நாள் குளிர் கொடுத்தால்தான் நன்றாக முளைக்குமாம். உங்கள் ஊரில் குளிருக்கு எங்கேடி போவாய்?”

எங்கே போவது? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சாயங்காலம் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது விடை காலடியிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் குடிநீர்ப் பானையை மணல் மேட்டின் மேல் வைத்திருப்போம். கசிவில் நனைந்து நனைந்து அந்த மணல் சித்திரை மாதத்திலும் சில்லென்று இருக்கும். விதைகளைத் துணியில் முடிந்து பானைக்கு அடியில் புதைத்தேன்.

அடுத்த வேலை இடம் பிடிப்பது. கோயில் படிக்கு வலதுபுறம் ஒரு பூவரசு காற்றில் சாய்ந்ததிலிருந்து அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சபை மூப்பர் எனக்குப் பெரியப்பா முறை. அவரிடம் போய்க் கேட்டேன்.

“அங்கன வேம்பு வைக்கிறதுன்னு கமிட்டியில பேசியாச்சே, தாயி.”

“ஐப்பசி மழை வரைக்கும் பொறுங்க பெரியப்பா. அதுக்குள்ள நான் ஆளாக்கிக் காட்டுறேன்.”

“வெதை இன்னும் பானைக்கு அடியில கெடக்கு. அதுக்குள்ள எடத்துக்குத் துண்டு போட வந்துட்டே.” அவர் சிரித்தார். “சரி, ஐப்பசிக்கு உசுரோட இருந்தா எடம் அதுக்கு. இல்லேன்னா வேம்பு. பொறவு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையப்படாது.”

மாசிக் கடைசியில் எடுத்து விதைத்ததில் ஐந்து முளைத்தன. உடைந்த குடையின் கம்பிகளைப் போல உச்சியில் சுற்றிலும் பச்சை ஊசிகள். சித்திரை வெயிலில் இரண்டு கருகின. மிச்சம் மூன்று. பனையோலைத் தட்டி கட்டி நிழல் கொடுத்தேன். கொழுத்தவை இரண்டையும் நல்ல மண்தொட்டிகளில், கரிசல் மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் போட்டு வைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று கோயில் படியருகே கொண்டுபோனேன். மூன்றாவது நோஞ்சான். அதற்குப் போட நல்ல மண்கூட மிஞ்சவில்லை. அடியில் விரிசல் விட்ட பழைய சட்டியில் ஆற்று மணலையும் கொஞ்சம் குப்பையையும் அள்ளிப்போட்டு நட்டு, கோயில் பின்சுவர் நிழலில், கூரை ரிப்பேருக்குப் பிறகு குவித்துவிட்டுப் போன ஓட்டுச் சில்லுகளின் மேல் வைத்தேன். நினைவு வந்த நாளில் அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

பிறகுதான் நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தேன். பந்தல்குடிப் பக்கத்திலிருந்தெல்லாம் புழுதியில் நடந்து வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, அங்கிருக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஒரு செம்பு மொண்டு கால் கழுவிவிட்டு உள்ளே வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எழுந்து அறிவிப்புக் கொடுத்தேன்: “இது நம்ம எல்லாருக்குமான மரம். கால் கழுவின செம்பில் மீதி இருந்தால் இதற்கு ஊற்றுங்கள்.”

எங்கள் ஊர்க்காரர்களிடம் இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குடத்துக்காகக் கிணற்றடியில் விடியலிலிருந்து காத்து நிற்கிறவர்கள், செடி என்று வந்தால் கை தாராளம். மீதியை ஊற்றச் சொன்னேன். முழுச் செம்பாக ஊற்றினார்கள். கிழமை நாளில் அந்த வழியாகப் போகிறவர்களும் உள்ளே வந்து ஊற்றினார்கள். மணியடிக்கிறவர் காலையும் மாலையும் ஊற்றினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆவணியில் ஊசிகள் மஞ்சளாயின.

“தண்ணி காணாம வாடுது டீச்சர்,” என்றார் மணியடிக்கிறவர். “கவலப்படாதீக. இன்னும் ரெண்டு செம்பு சேத்து விட்டுட்டேன்.”

நானும் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினேன். வேறு என்ன தோன்றும்? செடி வாடினால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். எங்கள் மண்ணில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. புரட்டாசியில் இரண்டும் பழுப்பாகி நின்றன. தொட்டால் ஊசிகள் சவுக்குக் கிளையைப் போலவே கொட்டின.

எதிர்வீட்டுத் தோழி நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் கன்னடம் பேசுவாள். என்னைத் திட்டுவது மட்டும் தமிழில். யுத்த காலம், நூல் சரியாக வராமல் அவர்கள் தறி பாதி நாள் சும்மா இருந்தது. வேடிக்கை பார்க்க என்னோடு வந்தவள், நான் கவிழ்த்த தொட்டி மண்ணை எடுத்து மோந்து பார்த்தாள்.

“ஏண்டி, இது காஞ்ச வாடையா? நூலை ஊறப் போட்டுட்டு ரெண்டு நாள் மறந்து போனா எங்க தொட்டி இப்பிடித்தான் நாறும். இது தவிச்சுச் சாகல, முங்கிச் செத்துருக்கு.”

வேரைப் பிரித்தேன். கறுத்து, கொழகொழவென்று விரலோடு வந்தது. ஈரக் கரிசல் மண் தொட்டியின் துளையைச் சாந்து பூசியது போல அடைத்திருந்தது. மழைக்கு ஏங்கும் ஊரில் ஒரு செடி தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறது. குற்றவாளி என் அறிவிப்பு.

அப்போதுதான் பின்சுவர் ஞாபகம் வந்தது. ஓடினேன். நோஞ்சான் அங்கேயே இருந்தது. நாலு விரல் உயரம், நிமிர்ந்த தண்டு, நீலம் கலந்த பச்சை. சட்டியின் அடிவிரிசல் வழியாக ஒரு வேர் ஓட்டுச் சில்லுகளுக்குள் இறங்கியிருந்தது, அதுவும் வெள்ளை வெளேரென்று.

ஐப்பசி முதல் வாரம் வடகிழக்கில் மேகம் கட்டியது. மூப்பர் கையில் வேப்பங்கன்றோடு வந்துவிட்டார். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு படியருகே நின்றேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா? இதுல எந்தக் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்கவிடப் போறே?”

“உசுரோட இருக்கா இல்லையா பெரியப்பா?”

“இருக்கு. சொன்ன சொல் சொன்னதுதான், எடம் அதுக்கு.” கன்றைக் கீழே வைத்தார். “ஆனா ஒண்ணு. தண்ணி ஊத்தாதீகன்னு இந்தச் சனத்துக்கிட்ட எப்படிச் சொல்லுவே? ஊத்துற கைய ஆரு நிறுத்துறது?”

அவர் கீழே வைத்த கன்றைப் பார்த்தேன். நம் கரிசலில் பழகிய வேம்பு செம்புத் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். மேற்கே வைத்தால் கேதுருமேல் விழும் பிற்பகல் வெயிலையும் மறைக்கும். “அதையும் வைங்க பெரியப்பா,” என்றேன். “மேற்கால பத்தடி தள்ளி.”

நாளைக் காலையில் வலதுபுறக் குழியைத் தோண்டப்போகிறோம். இடுப்பளவுக்குக் கரிசலை அள்ளிவிட்டு, அடியில் ஓட்டுச் சில்லு, மேலே சரளை, அதற்கும் மேலே திருச்சுழி ஆற்று மணல் போட வேண்டும். மணலுக்கு வண்டி சொல்லியாயிற்று. தரைக்கு ஒரு முழம் மேலே மேடு கட்டி, மழைத் தண்ணீர் வழிந்தோடச் சரிவு விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இன்னொரு தடவை எழுந்து நிற்பேன். எழுதி வைத்திருப்பது ஒரே வரிதான்: செம்பில் மிஞ்சுகிற தண்ணீரையெல்லாம் தயவுசெய்து வேம்புக்கு ஊற்றுங்கள்.