நாலு பேர் ஏறாத படகு

வாரமெல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி கேப் ஓட்டுகிற பால்ராஜுக்கு, ஞாயிற்றுக்கிழமை காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதுதான் கவலை. ஏதோ ஒரு கிளப்பில் கழித்துப்போட்ட சின்னப் பாய்ப்படகை அவன் வாங்கிப் பல வருஷமாகிறது. பழைய பைக் விலைக்குக் கிடைத்தது. அடியில் விரிசல், பாயில் கிழிசல். விரிசலை அவன் ஃபைபர் பூசி அடைத்தான். பாய்க்கு அவன் மனைவி ரோஸி தையல் மெஷினில் ஒட்டுப்போட்டாள். அவர்கள் குடியிருக்கிற ஜீவனஹள்ளிச் சந்தில் படகு கவிழ்ந்து கிடந்த நாட்களில், "இன்னா பால்ராஜ்ணா, மழை பேஞ்சா டூட்டிக்கு இதுலதானா?" என்று கேட்காத ஆள் இல்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஞாயிறு பூசை முடிந்ததும் படகை டெம்போவில் கட்டிக்கொண்டு ஹோஸ்கோட்டேக்கு அப்பால் இருக்கிற ஏரிக்குப் போவார்கள். மகன் கிஷோர் சுக்கானைப் பிடிப்பான், மகள் மெர்சி கயிற்றை இழுப்பாள். பாயின் கட்டை திடீரென்று மறுபக்கம் வீசும். மூவரும் குனிந்து தலையைக் காப்பாற்றிக்கொள்வார்கள். "நைனா, மறுபடியும் வட்டம் அடிக்கிறோம்!" என்று மெர்சி சிரிக்கிற சிரிப்பு கரைவரை கேட்கும்.

கரையில் ரோஸி. மடியில் பிரியாணி டப்பா.

நெருக்கி உட்கார்ந்தால் படகில் நாலு பேருக்கு இடம் உண்டு. அவள் ஏற மாட்டாள். தண்ணீருக்குப் பயந்து அல்ல. அவள் தங்கவயல் பெண். சுரங்கத்துக்குள் இறங்குகிற கூண்டில் ஒரே வீட்டு ஆண்கள் சேர்ந்து ஏறக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். அப்பா முதல் கூண்டில் போனால் அண்ணன் அடுத்த கூண்டில். ஒருநாள் உள்ளே பாறை வெடித்து அப்பா போனபோது, அண்ணன் மேலே தன் முறைக்குக் காத்து நின்றிருந்தான். அதனால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"இது இன்னா சுரங்கமாடி? இடுப்பளவு தண்ணி," என்பான் பால்ராஜ்.

"இடுப்போ கழுத்தோ, ஒருத்தர் கரைல இருக்கணும். நீ போய்ட்டு வாய்யா."

அடுத்த வருஷம் பார்க்கலாம், பிள்ளைகள் பெரிதாகட்டும் என்று அவனும் விட்டுப்பிடித்தான். நாலு பேரும் ஒரே பாயின் கீழ், ஒரே ஒரு தடவை. அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பிள்ளைகள் பெரிதானார்கள். மெர்சி நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனாள். கிஷோர் புனேயில்.

இந்த வருஷம் நல்ல மழை, ஏரி தளும்பியது. பால்ராஜ் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். பின்னால் சளக் சளக்கென்று சத்தம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோஸி தண்ணீருக்குள் நடந்து வந்து படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"எங்க குந்தணும்?"

அவன் தள்ளுவதை விட்டுவிட்டுத் திரும்பினான். "நீயா? ஏறுறியா?"

"இன்னாத்துக்கு இப்டி முழிக்கிற? புள்ளைங்க ரெண்டும் அங்கங்க பத்திரமா இருக்குதுங்க. இனிமே யாருக்காக நான் கரைல குந்தணும்?"

மெர்சி உட்காருகிற இடத்தில் அவளை உட்காரவைத்தான். காற்று பிடித்தது. படகு சாய்ந்தபோது ரோஸி அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு கூவினாள், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே மெர்சியுடையது.

"கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேரும் வர்றாங்க இல்ல..." என்று மெதுவாக ஆரம்பித்தான்.

"வரட்டும்," என்றாள் ரோஸி. "அன்னிக்கு நான் கரைல இருந்துக்கிறேன்."

பால்ராஜ் திரும்ப வேண்டிய இடம் வந்தும் திருப்பாமல், ஏரியின் நடுவை நோக்கியே படகை விட்டான்.