ரெண்டு கையும் கொடுங்க

“கையக் கொடுங்க. ரெண்டு கையும்!”

கேட்டு வாங்கி, தன் கைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அக்கா அடுத்த பேச்சுக்கே போவார். கண் ஆஸ்பத்திரியில் கருவிழியின் தடிமனை அளப்பது அவர் வேலை. கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை விட்டு, பேனா போன்ற கருவியின் நுனியால் விழியை மெல்லத் தொடுவார். அளந்த பிறகும் மரப்பு உடனே போகாது. அதற்குள் கண்ணைக் கசக்கினால் புண்ணாகும். ஆனது தெரியவும் தெரியாது. அதனால் மரப்பு விடும்வரை ஆளை விடமாட்டார். ‘கைவிலங்கு அக்கா’ என்று பெயரே விழுந்துவிட்டது.

சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பார். “என் வீட்டுக்காரர் வரைஞ்சது. யானையா எருமையான்னு யோசிச்சிக்கிட்டே பாருங்க. கண்ணு ஆடாது.”

சவரக்கடைக்காரரை முதலில் அங்கே இழுத்து வந்தவள் அவர் தங்கை. அப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் கண்ணழுத்த நோயில் பார்வை போய்ச் சுவரைத் தடவி நடந்த குடும்பம். இவருக்கோ எப்போது பார்த்தாலும் அழுத்தம் சரியாகவே காட்டியது. “அவ கிடக்கா, பயந்தாங்கொள்ளி” என்று முறுக்கிக்கொண்டுதான் வந்தார்.

“கத்தி பிடிக்கிற கைங்க இது” என்று கையைப் பின்னுக்கு இழுத்தார்.

“கண்ணு போனா அந்தக் கத்திய வச்சு என்ன, காதையா அறுக்கப்போறீங்க?”

அளந்ததில், கருவிழிப் படலம் மெலிசு. மெலிசான விழியில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகத்தான் காட்டும் என்றார் டாக்டர். உள்ளே நரம்பு ஏற்கெனவே தேயத் தொடங்கியிருந்தது. மருந்து அன்றே ஆரம்பமானது. போன பார்வை போனதுதான், மிச்சம் தப்பிவிட்டது. இன்றும் மகள் வயிற்றுப் பேரனுக்கு அவரே முடி வெட்டுகிறார். பேரனுக்குக் காது இரண்டும் பத்திரம்.

போன வாரம் அவர் மறுபரிசோதனைக்குப் போனபோது, நாற்காலியில் அக்காவே உட்கார்ந்திருந்தார். அக்காவின் அம்மாவுக்கும் இதே நோய் வந்துவிட்டதால், மகளையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் பிடிவாதம். கூட வேலை செய்யும் பெண் அளந்து முடித்துக் கருவியைத் துடைக்கத் திரும்பினாள்.

“என்னமோ கனமா இருக்கே” என்று அக்காவின் கை தன்னையறியாமல் கண்ணுக்குப் போனது.

வாசலோரம் இருந்த சவரக்கடைக்காரர் ஒரே எட்டில் வந்து பிடித்துக்கொண்டார்.

“கையக் கொடுங்க அக்கா. ரெண்டு கையும்!”

உள்ளே டாக்டர் அறையிலிருந்து சவரக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். அவர் பிடியை விடவில்லை.