டிசம்பரிலிருந்து கிழித்த தாள்கள்

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரை இரண்டு பக்கத்திலிருந்தும் கிழிப்போம். முன்பக்கம் அன்றைய தாளைக் காலையில் யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம். பின்பக்கத் தாளைக் கிழிக்கும் உரிமை என் வீட்டுக்காரருக்கு மட்டும். நான் எதையாவது நன்றாக மிச்சம் பிடித்த நாளில், வேலை முடிந்து வந்ததும் அவர் காலண்டரைத் திருப்பி, டிசம்பர் முப்பத்தொன்றையோ முப்பதையோ கிழித்து என் உள்ளங்கையில் வைப்பார். "இந்தா மக்கா, ஒரு நாள் கொறஞ்சுட்டு" என்பார். வாரத்துக்கு இரண்டு தாளாவது போகும். ஐப்பசி பிறக்கும்போது சுவரில் வெறும் அட்டைதான் தொங்கும். "ஒங்க வீட்ல மட்டும் வருசம் சட்டுன்னு முடிஞ்சிருதே" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். எனக்கு அதில் பெருமைதான். தாள்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன்.

குறைந்ததாக அவர் சொன்னது வீட்டுக் கடனில். தக்கலைக்குச் சற்று வெளியே நாலு சென்ட் நிலத்தில் கட்டிய வீடு, இருவர் பெயரிலும் இருபது வருடக் கடன். தவணையில் பாதி அவருடையது, பாதி என்னுடையது. அவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கர். நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன், இருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான், காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறேன். நாற்பது வயதுக்குள் முட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குக் குடிவந்த அன்றே அவர் சொன்னார்: "கடன் முடியுத அண்ணைக்கு நீ வேலைய விட்டுரு. பெறவு காலை நீட்டிக்கிட்டு டிவி பாரு." அந்த ஒரு வாக்குக்காக நான் எதை வேண்டுமானாலும் விடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

விட்டேன். மற்றப் பெண்கள் டீக்கடைக்குப் போகும்போது நான் குடோனில் நின்று பிளாஸ்க்கைத் திறப்பேன். தினமும் காலையில் அவரே டீ போட்டு நிரப்பித் தருவார், "ஒனக்கு வாய்ச்ச மாதிரி எங்களுக்கு வாய்க்கலியே" என்று அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்துக்காக, வேன்களை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பேன். விடுமுறை நாளில், கடியப்பட்டணத்திலிருந்து வரும் மீன்காரம்மாவின் கூடை காலியாகும் நேரம் பார்த்துப் போவேன், சாளை பாதி விலைக்குக் கிடைக்கும். குளிக்க வெந்நீருக்கு, கேஸ் செலவில்லாமல், காய்ந்து விழுந்த தென்னங்கொதும்பைப் பொறுக்கி எரித்தேன். ஆயிரக்கணக்கில் சேலை விற்றவள் மூன்று தீபாவளிக்கு எனக்கென்று ஒன்று எடுக்கவில்லை. இப்படிச் சேர்ந்ததுடன் என் போனஸையும், சீட்டுப் பணத்தையும், ஒருமுறை இரண்டு வளையல் விற்ற பணத்தையும் அவர் கையில் கொடுப்பேன். வருடத்துக்கு ஒருமுறை அவர் போய்க் கடனில் கூடுதலாகக் கட்டிவிட்டு வருவார்.

ஒன்பதாவது வருடம், அவர் உறவினர் ஒருவரைப் பார்க்கத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில், என் ஆதார் நகல் வேண்டும் என்று வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். போய்க் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கர்வத்தோடுதான் கேட்டேன், இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று. நாலோ ஐந்தோ சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து, "பதினொண்ணு" என்றாள். நாங்கள் கட்டிய கூடுதல் பணமெல்லாம் எங்கே என்று பதறினேன். எல்லாம் வரவாகியிருந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை. கூடுதலாகக் கட்டும்போதெல்லாம் வங்கியில் ஒரு கேள்வி கேட்பார்களாம்: மாதத் தவணையைக் குறைக்கவா, வருடத்தைக் குறைக்கவா? ஒவ்வொரு முறையும் அவர் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "தவணை இப்ப பாதியா வந்துட்டே அக்கா, ஒங்களுக்கு லாபந்தானே?" என்று அவள் சிரித்தாள். பாதி என்றால் என் பாதி. பழைய கணக்கின்படி மாதாமாதம் நான் கொடுத்த பணம்தான் முழுத் தவணையாகப் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் நான் குடிக்காத டீயெல்லாம் சேர்ந்து அவருடைய பங்கை அடைத்திருந்தது.

அவர் வந்ததும் பிஸ்கட் டின்னை முன்னால் வைத்தேன். அவர் கத்தவில்லை. "நான் என்ன குடிச்சா தீத்தேன்? எம் பங்குல மிஞ்சினது அவ்வளவும் எம்பேர்ல டெப்பாசிட்ல கெடக்கு, என் வயசான காலத்துக்கு" என்றார். என் வயசான காலம் என்றுதான் சொன்னார், நம்ம என்று வாயில் வரவில்லை. "செரி, வருசத்த ஏன் கொறைக்கல?" என்று கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல அவ்வளவு நிதானமாகச் சொன்னார்: "கொறைச்சா கடன் முடிஞ்சிரும். முடிஞ்சா நீ வேலைய விட்டுருவ. ஒன் சம்பளம் இல்லாம என்னட்டி செய்ய?"

பணத்தைத் திருடியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் எடுத்தது என் முட்டின் நாட்களை. ஏமாந்ததுகூடப் பெரிதில்லை, ஒவ்வொரு தாளையும் சிரித்துக்கொண்டே கைநீட்டி வாங்கினேனே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு பொங்குகிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தவணையை நான் நிறுத்தினால் என் பெயரும் சேர்ந்த வீடு போகும் என்பதால் வேலைக்கும் போகிறேன்.

அதன்பிறகு வந்த வருடம் காலண்டரை யாரும் திருப்பவில்லை. ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது, சுவரில் தாள் இருந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் முதன்முதலாக டிசம்பர் மாதத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் தேதி காலையிலும் அவர் வழக்கம்போல டீயை நிரப்பி, பிளாஸ்க்கை வாசல் பக்கம் வைத்திருந்தார். நான் அதைத் தொடவில்லை. கடைசித் தாளை நானே கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நிற்கப் போனேன்.