மூன்று முறை திருப்பி அனுப்பிய கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முந்திய நீண்ட விடுமுறையில், கோலாலம்பூரில் ஒரு வங்கியில் பன்னிரண்டு வாரம் பயிற்சிக்குப் போனேன். வெளிநாட்டில் படிக்கும் என் தோழி இதைக் 'கோடைக்காலப் பயிற்சி' என்பாள். நம் ஊரில் ஏது கோடை, வருடம் முழுக்க வெயிலும் மழையும்தான். எந்த வங்கி, எந்தக் கட்டடம் என்பதெல்லாம் வேண்டாம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்து போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள், கிள்ளானில் ஒருவர் தான் உண்டாக்கிய கம்பெனியில் கையெழுத்துப் போடும் உரிமையையே விட்டுவிட்டுப் போகும் நிலைக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு விதியையும் மீறாமல்தான் அதைச் செய்தேன்.

'கார்ப்பரேட் பேங்கிங் ஆப்பரேஷன்ஸ்' என்றதும் என் அம்மா எங்கள் ஊர் காஜாங்கில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார். நானும் கோட்டுப் போட்டுக்கொண்டு பெரிய முதலாளிகளோடு உட்கார்ந்து பேசப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் அது பின்கட்டு. வாடிக்கையாளர் யாரும் அங்கே வருவதில்லை. கம்பெனிகள் அனுப்புகிற கடிதங்கள் ஸ்கேன் ஆகி எங்கள் கணினிக்கு வரும். சரிபார்த்து அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். எல்லாம் இப்போது ஆன்லைன்தானே என்பீர்கள். சின்னச் சின்னக் கம்பெனிகள் இன்னமும் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகின்றன. எனக்குக் கொடுத்த வேலை அந்தக் கையெழுத்தைப் பார்ப்பது.

திரையில் இடது பக்கம், கணக்குத் திறந்தபோது கொடுத்த மாதிரிக் கையெழுத்து அட்டை. வலது பக்கம், இன்று வந்த கடிதம். என் மேலதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் அவரைக் 'காக்' என்று அழைப்போம், மலாயில் அக்கா. அவர்தான் கற்றுக்கொடுத்தார். அதைப் பெயராகப் படிக்காதே, தலைகீழாகத் திருப்பிப் பார், பேனா எங்கே தொடங்குகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே எழும்புகிறது என்று பார் என்றார். வீட்டில் மீனில் முள் எடுக்கத் தெரியாதவள் நான். ஆனால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. மூன்றாவது வாரமே, முதலாளிக்குப் பதிலாக அவருடைய குமாஸ்தா போட்ட கையெழுத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். காக் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாவது வாரம் கிள்ளானிலிருந்து ஒரு லோரிக் கம்பெனியின் கடிதம் வந்தது. துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றுகிற சின்னக் கம்பெனி. கணவன், மனைவி இரண்டு பேரும்தான் இயக்குநர்கள். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் பணம் நகரும். டிரைவர்களுக்கு மாதச் சம்பளம் அனுப்பச் சொல்லும் வழக்கமான கடிதம்தான் அது. மனைவியின் கையெழுத்து சரியாக இருந்தது. கணவருடையது கோணல்மாணலாக, எங்கெங்கோ ஓடியிருந்தது.

எங்கள் கணினியில் பதில்கள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கும். எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதுவே மின்னஞ்சலாகப் போய்விடும். 'கையெழுத்து மாறுபடுகிறது, மீண்டும் அனுப்பவும்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு நாள் கழித்து அதே கடிதம் மறுபடியும் வந்தது. முன்னைவிடப் பரவாயில்லை, ஆனாலும் அதே கையெழுத்து இல்லை. அதே எண்ணைத் தட்டினேன். மூன்றாவதாக வந்ததில் வடிவம் ஏறக்குறைய வந்துவிட்டிருந்தது. ஆனால் தன் பெயரைப் போடுகிறவர் யாரும் நடுவில் யோசிக்க மாட்டார் அல்லவா? இதில் பேனா நின்று நின்று போயிருந்தது, நின்ற இடமெல்லாம் மை ஊறியிருந்தது. அதையும் திருப்பி அனுப்பிவிட்டு, நேராகக் காக்கிடம் போனேன். யாரோ பழைய கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் தேறிக்கொண்டே வருகிறார்கள் என்றேன்.

அவர் மூன்றையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் சொன்னது சரியாகத்தான் தெரிகிறது என்றார். அன்றே அந்தக் கணக்கை நிறுத்தி வைத்தோம். மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் எனக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். இரவு வீட்டுக்குப் போய், ஒரு திருடனைப் பிடித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை, பதிவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்க வேண்டும். தமிழ்க் குடும்பம் என்பதால் காக் தன் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, என்னையே பேசச் சொன்னார். எடுத்தது மனைவி. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அது அவர் போட்டதுதாம்மா. ஸ்ட்ரோக் வந்து நாலு மாசமாச்சு. வலது கை விளங்காம போச்சு. முன்னாடியே கையெழுத்துப் போட்டு வச்சிருந்த கடிதமெல்லாம் போன மாசத்தோட தீந்துபோச்சு. இடது கைலதான் போடுறாரு. பேங்குக்குத் தெரிஞ்சா பயந்துருவீங்கன்னு சொல்லல."

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, ஏமாற்றம். என் திருடன் கைநழுவிப் போய்விட்டானே என்று இருந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, விதி தெரிந்தவள் என்ற தோரணையில், உற்சாகமாகவே சொன்னேன்.

"அப்ப ஒன்னும் பிரச்சினை இல்ல ஆன்டி. கைநாட்டு வச்சா போதும். ரெண்டு பேர் சாட்சி இருந்தா பேங்க்ல ஏத்துக்குவாங்க."

சொல்லிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு நான் அடுத்த கடிதத்தைத் திறந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு படிவம் வந்தது. இனிமேல் அந்தக் கணக்கில் மனைவி மட்டும்தான் கையெழுத்துப் போடுவார், கணவரின் பெயரை எடுத்துவிடவும் என்றிருந்தது. அதற்குச் சம்மதம் என்று கணவர் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார், இடது கையால். அதுவும் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. அதாவது, அவருடைய பெயரை எடுப்பதற்கும் அவருடைய பழைய கையெழுத்தே தேவைப்பட்டது. நேரில் போய் அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து வருவதுதான் ஒரே வழி என்று காக் முடிவு செய்தார். தமிழில் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

கிள்ளானில் மூலை வீடு. எதிர்ப்புறம் காலி நிலத்தில் ஒரு லோரியின் தலைப்பகுதி மட்டும் நின்றது. கணவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நாங்கள் வருவது தெரிந்து முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டி, தலை சீவி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் ஒரு துண்டுக்குக் கீழே கிடந்தது. மனைவி காப்பி கொண்டுவந்து வைத்து, போனில் பேசியது நான்தான் என்று அவரிடம் சொன்னார். படிவத்தில் எங்கள் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பெயரை எடுத்துவிடலாம் என்று காக் மலாயில் விளக்கினார். கணவர் தலையசைத்தார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவர் உள்ளே போய் மூன்று நோட்டுப் புத்தகங்களை எடுத்து வந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண நோட்டு.

அவர் இடது கையால் ஒன்றைத் திறந்து என் பக்கம் தள்ளினார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"நீங்கதான செக் பண்றது. எதும்மா தப்பு?"

பக்கத்தின் மேலே, ஏதோ பழைய செக்கிலிருந்து நகல் எடுத்த அவருடைய கையெழுத்து ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே கடைசி வரிவரை அதே கையெழுத்து. அடுத்த பக்கமும் அப்படி. ஒவ்வொரு நாளின் தேதியையும் மூலையில் மனைவி எழுதியிருந்தார். முதல் நோட்டில் கையெழுத்து வரியைத் தாண்டி ஓடியது. மூன்றாவது நோட்டில் அது ஏறக்குறைய அடங்கி வந்திருந்தது. நான் திருப்பி அனுப்பிய மூன்று கையெழுத்துகளும் எந்தெந்தப் பக்கத்துக்கு அடுத்து வந்தவை என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. என் கண் பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. எந்த வரியில் எங்கே பிசகியிருக்கிறது என்று தெரிந்தது. வாய்தான் திறக்கவில்லை. யாரோ பழகுகிறார்கள் என்று நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த யாரோ இவர்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றவில்லை.

அவர் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்.

"கைநாட்டு வைக்கச் சொன்னீங்களாமே. எஸ்டேட்ல எங்கப்பா விரல கிராணி புடிச்சுத்தான் மையில அழுத்துவாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்துருக்கேன். என் விரல யாரும் புடிக்க வேணாம்மா. பேர எடுத்துருங்க."

கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. அவர் கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். அந்த நேரத்தில்தான் என் பையில் இருந்த குறிப்பேடு நினைவுக்கு வந்தது. இரண்டாவது வாரம் காக் சொல்லச் சொல்ல எழுதி வைத்தது. கையெழுத்துப் போட முடியாமல் போனவர்களுக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு வழிகள். முதலாவது, கைநாட்டு. இரண்டாவது, புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுப்பது. அதற்குக் கீழே நானே கோடு போட்டிருந்தேன். போனில் ஏன் முதல் வழியை மட்டும் சொன்னேன்? அதுதான் எங்களுக்குச் சுலபம். அன்றே முடிந்துவிடும். புதிய அட்டை என்றால் படிவம், நேரில் பார்ப்பது, இரண்டு பேர் ஒப்புதல் என்று இழுக்கும். உட்கார்ந்து யோசித்து இதையெல்லாம் நான் முடிவு செய்யவில்லை. யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

காக்கிடம் கேட்காமலேயே நான் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அங்கிள், பழைய மாதிரி போட வேணாம். இப்ப உங்க கைக்கு எப்படி வருதோ அப்படியே போடுங்க. அதையே பேங்க்ல வச்சுக்குவோம்."

அவருக்குப் புரியவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். பிறகு காக்கிடம் திரும்பி மலாயில் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம் என்றவர், இதை நீ போனிலேயே சொல்லவில்லையா என்று என்னைப் பார்த்தார். புதிய அட்டைக்கான படிவம் அவருடைய கோப்பில் எப்போதும் இருக்கும், அன்றும் இருந்தது. அதை மேசைமேல் வைத்ததும் கிள்ளான்காரர் அதைப் பார்த்தார், நோட்டுகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

ஒரு வாய் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தப்பு என்மேல்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னவோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி காப்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். குவளைகளில் காப்பி அப்படியே இருந்தது.

புதிய அட்டையில் மூன்று கட்டங்கள். மூன்றும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்தில் ஏற்க மாட்டார்கள் என்று காக் சொன்னார். முதல் கட்டத்தில் போட அவருக்கு வெகுநேரம் ஆனது. பழையதைவிடச் சின்னக் கையெழுத்து. சுழிப்பெல்லாம் போய், நேராக, அழுத்தமாக வந்தது. இரண்டாவது போட்டார். மூன்றாவதில் கடைசிக் கோடு கட்டத்தைத் தாண்டிவிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளையைப் போல என்னைப் பார்த்தார். காக்கும் அட்டையை என் பக்கம் நகர்த்தி, நீயே பார்த்துச் சொல் என்றார்.

இரக்கப்பட்டுச் சரி என்று சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்படி ஒரு சலுகையைக் கேட்கவில்லை. அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்தில் தொடங்கின. ஒரே இடத்தில் அழுத்தின. பேனா எங்கேயும் நிற்கவில்லை. கட்டத்தைத் தாண்டிய அந்தக் கோடுகூட மற்ற இரண்டைப் போலவேதான் முடிந்திருந்தது.

"மூணும் ஒன்னுதான் அங்கிள்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கதவருகில் நின்றிருந்த மனைவி வந்து, பெயரை எடுக்கச் சொன்ன அந்தப் படிவத்தை மேசையிலிருந்து எடுத்தார். இரண்டாக, நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். நிறுத்தி வைத்த சம்பளத்தை அந்த மாதம் தன் நகையை அடகு வைத்துக் கொடுத்ததாக அவர் சொன்னது, நாங்கள் வாசலில் செருப்புப் போடும்போதுதான்.

திரும்பி வரும்போது காக் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பெடரல் ஹைவே நெரிசலில் கார் நின்றபோதுதான் பேசினார். அந்த மூன்று கடிதங்களையும் தானும்தான் பார்த்ததாகவும், போன் பேசும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, தமிழ் புரியாவிட்டாலும் என்ன சொன்னாய் என்று கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

என் கடைசி வாரத்தில் அந்தக் கம்பெனியின் கடிதம் வந்தது. அதே சம்பளக் கடிதம். திரையின் இரண்டு பக்கமும் அந்தச் சின்ன, நேரான கையெழுத்து. சரி என்று தட்டுவதற்கு ஒரு நொடி போதும். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தட்டினேன்.

இப்போது வேறொரு வங்கியில் இதே வேலைதான் பார்க்கிறேன். இங்கேயும் எண்ணைத் தட்டினால் போகிற பதில்கள்தான். அதற்குக் கீழே யாரும் நிரப்பாத ஒரு காலி இடம் இருக்கிறது. திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அதில், இப்படிச் செய்தால் முடியும், அப்படியும் செய்யலாம் என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். 'கதை எழுதுறா லா' என்று நம் ஊர் 'லா' போட்டுப் பக்கத்து மேசையில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று அன்று கிள்ளான்காரர் கேட்டார். அதே கேள்வியை இன்னொருவர் என்னிடம் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இரண்டு வரிகளை விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.