பெயர் போடாமல் நான் கட்டிய பாட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் அறந்தாங்கியிலிருந்து பொன்னமராவதி வரைக்கும் என் குரல் கேட்காத தெரு கிடையாது. அடுத்தவர் வாடகைக் காரின் கூரையில் கொழாய் ஸ்பீக்கரைக் கயிறு போட்டுக் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துத் தொடங்கிய பிழைப்பு. இன்றைக்கு நாலு மைக் செட், இரண்டு ஜெனரேட்டர், பந்தல் சாமான் ஏற்றச் சொந்தமாக ஒரு வண்டி. எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரனும் என் வாசலில் நிற்பான். காலையில் ஒரு கட்சிக்குக் கோஷம் கட்டிக் கொடுப்பேன், மத்தியானம் அதற்குப் பதில் கோஷத்தை எதிர்க்கட்சிக்குக் கட்டிக் கொடுப்பேன். படித்தவர்கள் தாளை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசிப்பதை நான் ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடித்துவிடுவேன்.

இந்தப் பெருமையை எல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொல்லத்தான் வேண்டும். நான் கட்டியவற்றில் ஊரே ஒன்றுகூடிப் பாடிய பாட்டு ஒன்றுதான். அதற்கு நான் பெயர் போடவில்லை.

எங்கள் ஊராட்சியில் அந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கீடு. ஜெயித்து வந்தவர் பத்தாவது படித்த ஒரு பெண். முறைக்கு எனக்கு மகள், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவார். புருஷன் குவைத்தில் டிரைவர். வீட்டில் மாமியாரும் இவரும்தான். பெயருக்கு இவர் உட்காருவார், கொழுந்தனோ மச்சானோ நாற்காலியை ஓட்டுவான் என்றுதான் ஊரில் நினைத்தோம். அவர் அப்படி விடவில்லை. தானே பைலைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் யூனியன் ஆபீசுக்கும் போனார். எங்கள் ஊருக்குப் பஸ் விடியுமுன் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவசரமென்றால் ஊராட்சிச் செயலரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவார். செயலர் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, கிளார்க்கு என்றுதான் சொல்வோம்.

பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று காலையில் நாலு கொழாய் கட்டியிருந்தேன். அதில் ஒன்று பள்ளிக்கூடத்தைப் பார்த்து இருந்தது. தலைவி கோயில் வாசலுக்கு வந்தார்.

"பெரியப்பா, பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்குது. அங்கிட்டுப் பாக்குற கொழாய எறக்கிருங்க."

"சாமி காரியம்மா. எறக்கப்படாது."

"சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும் பெரியப்பா. ஒங்களுக்குத்தான் நான் சொல்றது கேக்க மாட்டேங்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என்னிடம் கூலிக்கு நின்ற பையனும் சிரித்தான். நானே ஏணி போட்டு ஏறி அந்தக் கொழாயை இறக்கினேன். அவர் சொன்னது நியாயம் என்று அன்றைக்கே தெரியும். நியாயமாக இருந்ததனால்தான் அவ்வளவு வலித்தது.

அந்த வருஷம் எங்கள் கண்மாயைத் தூர்வாரினார்கள். வாரிய கரம்பை மண் லாரி லாரியாக எங்கேயோ போனது. யார் வயலுக்கு, யார் சூளைக்கு என்று டீக்கடையில் முணுமுணுத்தார்கள், வாய்விட்டுக் கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது. அந்தக் கேள்வியின் முதுகில் என் கோபத்தையும் ஏற்றிவிட்டேன்.

அடிக்கு அடி இரண்டாவது எழுத்து ஒத்து வர வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காது சொல்லும். கண்மாயை எங்கள் பக்கம் கம்மாய் என்போம். ஒரு அடியில் கம்மாய் வந்தால் அடுத்த அடிக்குச் 'சும்மா' தானாக வந்து உட்காரும். சும்மா இருந்தது யார் என்று தேடினேன். கிளார்க்கு வந்தான். கிளார்க்கு வந்தால் அவன் வண்டி வரும். வண்டி வந்தால்...

கம்மாயத் தூர்வாரிக் கரைய ஒசத்துனாங்க
கரம்ப மண்ணு லாரியில போனது எங்கேடி?
சும்மா இருந்த கிளார்க்குக்கு யோகமடி
சோக்கான வண்டியில பின்னால யாரடி?

கட்டி முடித்ததும் ஒரு முறை மெல்லப் பாடிப் பார்த்தேன். கும்மி மெட்டில் கச்சிதமாக விழுந்தது. நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லையே, யார் பெயரையும் சொல்லவில்லையே, கேள்விதானே கேட்டேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, விடியும்போது ரேஷன் கடைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.

எட்டு மணிக்குக் கடை வாசலில் கூட்டம். ஒருத்தி எழுத்துக் கூட்டி வாசித்தாள். கடைசி அடிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "யாரடியாம்ல! யாரடி?" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அன்று சாயங்காலம் முளைப்பாரிக் கும்மியில் அந்தப் பாட்டு ஏறிவிட்டது. பெண்கள் வட்டம் போட்டுக் கைதட்டினார்கள். முதல் இரண்டடியை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, நாலாவது அடியில் குனிந்து நிமிர்ந்து ஓங்கித் தட்டினார்கள். என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பூரிப்பை மறைக்க மாட்டேன்.

லாரி மண்ணைப் பற்றி அதற்குப் பிறகு டீக்கடையில்கூட ஒருவனும் பேசவில்லை.

அஞ்சாம் நாள் கும்மியை எவனோ போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். ஏழாம் நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரி சொன்னாள்.

"ஏங்க, அந்தப் பாட்டு குவைத்துக்குப் போயிருச்சாம். அவ மாமியாக்காரி ரேசன் கடையில நின்னு அழுவுது."

"எந்தப் பாட்டு?"

"ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்குறீங்க, ஊரே பாடுதே! அவ புருசன் போன்ல கத்துறானாம். 'அந்தச் சேரும் வேணாம், ஊரும் வேணாம், ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல கெட. மே ஒண்ணாந் தேதி கிராம சபைக் கூட்டத்துக்கு மேல நீ தலைவின்னு எவனாச்சும் சொன்னான், நான் ஒனக்குப் புருசன் இல்ல'ன்னு சொல்லிப்புட்டானாம். அந்தப் பிள்ளை ரெண்டு நாளா வாசப்படி எறங்கல."

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பாவி எழுதுனானோ, எழுதுன கை வெளங்காமப் போக."

"நீயுந்தானே கும்மியில பாடுன?"

"ஆமா, பாடுனேன். எல்லாரும் பாடுனாங்க, நானும் பாடுனேன். பாடுன வாய்க்கு என்ன தெரியும்? எழுதுனவனுக்குத் தெரியும்ல?" என்றவள், சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, எதுக்கு இடது கைய முதுகுக்குப் பின்னால வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள். அன்றைக்கு மறு சோறு போடவில்லை.

பாட்டால் வந்ததைப் பாட்டாலேயே தீர்த்துவிடலாம் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. அன்றே உட்கார்ந்து தலைவியைப் புகழ்ந்து எட்டடி கட்டினேன். குடிதண்ணீர்க் குழாய் வந்தது, பள்ளிக்கூடச் சுவர் எழும்பியது எல்லாம் அதில் இருந்தது. முதல் பாட்டைவிட எதுகை நன்றாகவே அமைந்திருந்தது. எட்டாம் நாள் கும்மிக்கு அதை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவளும் பேசாமல் வாங்கிப்போய் எடுத்துக் கொடுத்தாள். இரண்டடி தாண்டவில்லை.

"என்னக்கா இது, எலெக்சன் வந்துருச்சா?" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். பிறகு வேறு யாரோ "கம்மாயத் தூர்வாரி" என்று தொடங்க, வட்டம் முழுக்க அதில் சேர்ந்துகொண்டது. வசவு நாலு காலில் ஓடிற்று. வாழ்த்துக்கு எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. என் தொழிலில் எனக்கு விழுந்த முதல் அடி அதுதான்.

கிளார்க்கு பொன்னமராவதிப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான் என்று சொன்னார்கள். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது.

மே ஒண்ணாம் தேதி கிராம சபை. சமுதாயக் கூடத்தில் வழக்கம்போல என் மைக் செட்தான். ஆம்பளைகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கிராம சபைக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ராஜினாமாவைப் பார்க்க வந்த கூட்டம். தலைவி பதினொரு மணிக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது. கையில் நாலாக மடித்த ஒரு தாள். கிளார்க்கு தீர்மானப் புத்தகத்தோடு ஓரமாக, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "தலைவி நடந்து வாராங்களே, வண்டிக்கு என்னாச்சு?" என்றான். இன்னொருத்தன், "பெட்ரோல் வெல ஏறிப் போச்சுப்பா!" என்றான். கூடம் சிரித்தது.

தலைவி தாளைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். நான் மைக்கை அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போன கை கொடுக்கவில்லை. என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பாட்டு நான் எழுதுனது" என்றேன்.

ஆயிரம் மேடைகளுக்கு மைக் கட்டியவன் நான். என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். 'மன்னிச்சிரும்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாடுங்க பெரியப்பா."

"அம்மா..."

"எல்லாரும் பாடிக் கேட்டுட்டேன். எழுதுனவங்க பாடிக் கேக்கல. பாடுங்க."

பாடினேன். கும்மி வேகம் வரவில்லை. வாசிப்பது போலத்தான் வந்தது. யாரும் கைதட்டவில்லை.

"ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க. எங்கேடின்னு ஒண்ணு, யாரடின்னு ஒண்ணு. மொதக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். ரெண்டாவதுக்கு நீங்க சொல்லுங்க. பின்னால யாரு?"

"நீதாம்மா."

"மைக்கில சொல்லுங்க."

"தலைவி" என்றேன் மைக்கில்.

"எதுக்குப் போனேன்?"

"தெரியாதும்மா."

"தெரியாமத்தான் எழுதுனீங்களா?"

"ஆமா. தெரியாமத்தான் எழுதுனேன்."

"அப்ப மொதக் கேள்விக்குப் பதில் சொல்றேன், கேட்டுக்கங்க" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கரம்ப மண்ணு பாதி, பெர்மிட் வாங்குனவங்க வயலுக்குப் போச்சு. லிஸ்ட் ஆபீஸ் செவத்துல ஒட்டியிருக்கு, ஒருத்தரும் படிக்கல. மீதி எங்க போச்சுன்னு எனக்கும் தெரியாது. அத விசாரிங்கன்னு மனு குடுக்கத்தான் தாலுகா ஆபீசுக்கு மூணு தடவ போனேன். அந்த வண்டியிலதான் போனேன். மனுவுக்கு ரசீது இருக்கு. இந்தப் பாட்டு வந்த பெறகு நாலாந்தடவ போகல."

அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்தார்.

"அடுத்த பொருள் தெருவெளக்கு. எந்தெந்த போஸ்டு எரியலன்னு சொல்லுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அம்மன் கோயில் பின்னால ரெண்டும் எரியலத்தா" என்றது. அவர் கையிலிருந்த தாளைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக்கொண்டார். ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, பக்கம் நிறைந்தது.

கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவி கிளார்க்கிடம் சொல்லி, பாட்டில் நான் கேட்ட கேள்வியையும் மைக்கில் நான் சொன்ன பதிலையும் தனியாக ஒரு பத்தியில் எழுத வைத்தார். அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாலை மாதிரிச் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போடுவது எனக்கு வழக்கம், அதிலும் எனக்கு ஒரு பெருமை. அன்றைக்கு வெறும் எழுத்தாகப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"தேதி போடலையே பெரியப்பா."

போட்டேன்.

கிராம சபையை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். அதுவும் குவைத்துக்குப் போனது என்றார்கள். ஆனால் பாட்டுக்கு ஒரு நாள் ஆனது, இதற்கு ஒரு வாரம் ஆயிற்றாம். புருஷன் மூன்று மாதம் போன் பண்ணவில்லை. பிறகு பண்ணினான், லீவுக்கும் வந்துபோனான். அந்த வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. விசாரிக்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை. அந்தப் பாட்டை மட்டும் அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை. இன்னார் எழுதியது என்று தெரிந்துவிட்ட பாட்டில் ஊருக்குச் சுவை இல்லை போலிருக்கிறது.

கிளார்க்கு மாறுதலில் போய்விட்டான். புதிதாக வந்தவனிடமும் வண்டி இருந்தது. தலைவி பதவிக் காலம் முடிகிற வரைக்கும் தாலுகா ஆபீசுக்குப் பதினொரு மணிப் பஸ்ஸில்தான் போனார். அந்தப் பஸ் போய்ச் சேர்வதற்குள் அநேக நாள் அதிகாரி சாப்பாட்டுக்கு எழுந்து போயிருப்பார். மூன்று மணி வரை தலைவி அங்கே பெஞ்சில் காத்திருப்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.