வாளுக்கு மேல் உயரமானவர்கள்

2009இல் வன்னியிலிருந்து தப்பி வந்தபோது என் படிப்பு பாதியில் நின்றிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். பாரிஸின் லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே மாலை வகுப்பில் சேர்ந்தேன். வரலாற்று வாய்மொழித் தேர்வில் தேறினால் பல்கலைக்கழகம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் கோப்பை. எனக்குக் கிடைத்த தலைப்பு, பிரான்சை அந்தக் காலத்தில் ஆண்டு, எல்லையைக் காத்த ஒரு பிராங்கிய அரசனின் போர்கள்.

மத்தியானச் சனம் கலைந்ததும் சமையலறையில் சொல்லிப் பார்ப்பேன். கேட்பவர் கொத்துரொட்டி போடும் அண்ணை. அவரும் கடைசி மாதங்களில் வன்னியில் அகப்பட்டிருந்தவர். நான் தமிழில் சொல்ல, அவர் சூடான தட்டில் ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகளாலும் அடித்துப் போரை நடத்துவார். எங்கள் ஊரில் எல்லையில் நின்ற இயக்கப் போராளிகளுக்குத்தான் வீடுவீடாகச் சோற்றுப்பொதி கட்டிக் கொடுத்தோம். ஆகவே எல்லை என்றதுமே, யோசிக்காமல், அரசனை எங்கள் ஆளாக எடுத்துக்கொண்டோம்.

ரைன் நதிக்கு அப்பால் சாக்சன் இனத்தார் அரசனை எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். அரசனின் மகன் போய் மோதினான். தலைக்கவசத்தில் வெட்டு விழுந்தது. இரும்பு பிளந்து, தோலோடு ஒரு கொத்து மயிர் அறுந்து விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு ஒருவன் தகப்பனிடம் குதிரையில் பறந்தான். தகப்பன் படையோடு வந்தான். ஓர் ஆற்றின் அக்கரையில் நின்ற சாக்சன் தலைவன் அவனைக் கேவலமாக ஏசினான். அரசன் கவசப் பாரத்தோடு குதிரையை ஆற்றில் இறக்கி, கரையேறி, துரத்திப் பிடித்து வெட்டினான். தலையை ஈட்டியில் குத்தித் தூக்கினான்.

“கிழவன்ரை அடியைப் பார்,” என்றார் அண்ணை. ரொட்டித் துண்டுகள் சுவர்வரை தெறித்தன.

மிச்சத்தையும் சொன்னேன். ஊர்கள் எரிந்தன. தன் வாளைவிட உயரமான ஆண் ஒருவனும் அந்த நாட்டில் உயிரோடு இருக்கக் கூடாது என்றான் அரசன். ஒவ்வொருவராக இழுத்து வந்து வாளருகே நிறுத்தினார்கள். உயர்ந்து நின்ற தலைகள் அங்கேயே உருண்டன.

தகடுகள் நின்றன. அந்த வாள் எவ்வளவு உயரம் என்று அண்ணை கேட்டார். நெஞ்சளவில் கையைக் காட்டினேன்.

“என்ரை தம்பி அதுக்கு மேலை,” என்றார். “இயக்கம் சண்டைக்குப் பெடியளைப் பிடிக்கேக்கை, முழங்காலை மடிச்சு நட எண்டு அம்மா அவனுக்குச் சொல்லிக் குடுத்தவ. சின்னப்பெடியன் மாதிரித் தெரியட்டுமாம். கன நாள் அப்பிடித்தான் நடந்தவன். பிறகொருநாள் பக்கத்திலை செல் குண்டு விழ, நிமிர்ந்து ஓடிட்டான். எல்லாரும் கண்டிட்டினம்.”

அன்றைக்கே அவனைக் கொண்டுபோய்விட்டார்களாம். திரும்பி வரவில்லை.

தகடுகளைத் திரும்ப எடுத்தபடி, “உதைச் சோதினையிலை போய்ச் சொல்லிப் போடாதை. ராசா வெண்டவர் எண்டு சொல்லிப் பாஸ் பண்ணு,” என்றார்.

அந்தப் போரால் எல்லைக்கு என்ன பயன் என்று தேர்வில் ஆசிரியை கேட்டார். எல்லையில் அமைதி நிலைநாட்டப்பட்டது என்ற வாக்கியம் பிரெஞ்சில் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் சொன்னது வேறு. சாக்சன் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு முழங்காலை மடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றேன். அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆவணத்தில் இல்லை என்றேன். அவர் காத்திருந்தார். எனக்கு அதற்கு மேல் பிரெஞ்சு வரவில்லை.

அந்த வருடம் நான் தேறவில்லை.

“ராசாவை வெல்ல விட்டிருக்கலாமேடா,” என்றார் அண்ணை.

“அவன் வெண்டுதானே போனவன், அண்ணை.”

அவர் என் பக்கத்தில் வந்து நின்று, கழுவிய கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார்.